உயிரோடிருந்தால் செல்லம், செத்தால் சேரிக்கு

என் சித்தி சென்னையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒன்பது வருசமாக வீட்டு வேலை பார்க்கிறார். அந்த வீட்டில் ஒரு நாய் இருந்தது. வண்டி ஏறிக் கால் ஒடிந்து தெருவில் கிடந்த குட்டியை வீட்டுக்கார அம்மாதான் தூக்கிவந்து வைத்தியம் பார்த்தார். நல்ல காரியம். அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கட்டு மாற்றியது, பீ அள்ளியது, குளிப்பாட்டியது, உண்ணி பிடுங்கியது எல்லாம் சித்தி. சித்தி பிசைந்து வைத்தால்தான் அது சோறு தின்னும். அந்தக் கட்டடத்தில் வேலைக்காரர்களுக்குப் பின்பக்கம் தனி லிஃப்ட். நாயைப் பிடித்துக்கொண்டு போனால் மட்டும் சித்தி முன் லிஃப்டில் ஏறலாம். நாயின் தயவில் கிடைத்த சமத்துவம்!

போன மார்கழியில் அந்த நாய் செத்துப்போனது. வீட்டில் எல்லோரும் அழுதார்கள். சித்தியும் அழுதார். அழுது முடித்த வீட்டுக்கார அம்மா சித்தியிடம் சொன்னது இது: "உங்க ஆளுங்க யாராவது இருந்தா வரச்சொல்லு, எடுத்துட்டுப் போகட்டும்."

உங்க ஆளுங்க. ஒன்பது வருசத்தில் ஒரு தடவைகூட அவர்கள் சித்தியிடம் சாதி கேட்டதில்லை. செத்த நாயைத் தூக்க வேண்டி வந்தபோது, கேட்காமலே தெரிந்திருந்தது.

இந்த நாட்டில் பிராணி உயிரோடு இருக்கும்வரை அது கருணை உள்ளவர்களுடையது. செத்த நிமிசத்திலிருந்து அது எங்களுடையது. மாடும் அப்படித்தான். பால் கறக்கும்வரை கோமாதா. செத்தால், "ஏலே, வந்து தூக்கிட்டுப் போ." தூக்க மறுத்தால் அடி. தூக்கித் தோலை உரித்தால் அதற்கும் அடி. 2002இல் அரியானாவின் துலினாவில் பசுவைக் கொன்றதாகச் சொல்லி 5 தலித்துகளைக் காவல் சாவடிக்குப் பக்கத்திலேயே அடித்துக் கொன்றார்கள். 2016 ஜூலையில் குஜராத்தின் உனாவில் செத்த மாட்டின் தோலை உரித்த இளைஞர்களைக் காரில் கட்டிவைத்து அடித்தார்கள். அதன்பிறகுதான் அங்குள்ள நம் மக்கள் செத்த மாடுகளை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் சுரேந்திரநகர் ஆட்சியர் அலுவலகத்தில் போட்டார்கள். தாய் என்று சொல்கிறவர்களே தாயை அடக்கம் செய்யட்டும் என்றார்கள். கருணையைப் பற்றி இந்த நாட்டில் கேட்கப்பட்ட மிக நேர்மையான கேள்வி அதுதான் என்பேன்.

நமக்கு மனுநீதிச் சோழன் கதையைப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். கன்றுக்காக மகனைத் தேர்க்காலில் இட்ட ராசா. கதை நடந்த ஊர் திருவாரூர் என்பார்கள். சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் அவனுக்குச் சிலையும் உண்டு. அதே கீழத்தஞ்சை மண்ணில், கீழ்வெண்மணியில், 1968 டிசம்பர் 25 இரவு 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். 1973இல் அதே உயர்நீதிமன்றம் மிராசுதார்களை விடுதலை செய்தது. பசு அடித்த மணி அரண்மனைவரை கேட்டதாம். எங்கள் பெண்டுபிள்ளைகள் போட்ட கூச்சல் யார் காதிலும் விழவில்லை.

நாய்க்கும் சாதி வைத்தவர்கள் இவர்கள். மதுரைப் பக்கம் சில கிராமங்களில் சேரிக்காரன் கடுவன் நாய் வளர்க்கக்கூடாது. பெட்டை வளர்க்கலாம். எங்கள் கடுவன் ஊர்த்தெருப் பெட்டையோடு சேர்ந்துவிட்டால் ரத்தம் கெட்டுவிடுமாம்! தீண்டாமைக் கொடுமைகள் பற்றிய கள ஆய்வுகளில் இதுவும் பதிவாகியிருக்கிறது. என் அம்மாச்சி ஒரு கடுவன் குட்டியைக் கோழிக்கூடைக்குள் ஒளித்து வளர்த்தது. "மூணு மாசம் கம்முனு கெடந்துச்சு. கொரல் ஒடஞ்சு கொலைச்ச அன்னைக்கே மாட்டிக்கிருச்சு. மறுநா கெணத்துல மெதந்துச்சு" என்று அம்மாச்சி சொல்லும். சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தது.

வெள்ளைக்காரன் நம் நாட்டு நாய்க்கு வைத்த பெயர் 'பரையா டாக்'. பறையர் என்ற பெயரை எடுத்து, விலக்கப்பட்டவன் என்று பொருள் போட்டு, நாய்க்கும் ஒட்டினான். இன்று நாய்ப் பிரியர்கள் அந்தப் பெயர் கேவலமாக இருக்கிறதென்று 'இண்டி' என்று மாற்றிக் கூப்பிடுகிறார்கள். நாயின் இழிவு நீங்கியது, சந்தோசம். எங்கள் பெயர் இன்னும் ஆங்கில அகராதியில் வசவாகவே கிடக்கிறது.

இதையெல்லாம் பேசினால் நம் தோழர்கள் சிலர், "மனுசனுக்கே வழியில்ல, இதுல நாயாவது பூனையாவது" என்கிறார்கள். இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கஞ்சியில் பாதியை நாய்க்கு ஊற்றியவர்கள் நாம். 2018இல் வந்த 'பரியேறும் பெருமாள்' படத்தில் கருப்பியைத் தண்டவாளத்தில் கட்டிக் கொன்றபோது நமக்கு ஏன் தொண்டை அடைத்தது? நம்மை அடிக்க நினைக்கிறவன் முதலில் நம் நாயை அடிக்கிறான் என்பது நமக்குத் தெரியும்.

நம் பக்கத்துக் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். குடித்துவிட்டு வாசலில் நாயை எத்துகிற நம் ஆள்தான் உள்ளே போய்ப் பெண்டாட்டியை எத்துகிறான். மிதிபட்டவன் தனக்குக் கீழே மிதிக்க ஒன்றைத் தேடுவதுதான் சாதி கற்றுக்கொடுத்த பாடம். அந்தப் பாடத்தை மறக்காமல் சாதி ஒழிப்பு பேசிப் பிரயோசனமில்லை.

ஆகவே கருணையை அவர்களுக்கு விட்டுக்கொடுக்கக் கூடாது. கணக்குக் கேட்க வேண்டும். 2025 ஆகஸ்ட் 11இல் தில்லித் தெருநாய்களைப் பிடித்து அடைக்கச் சொன்னது உச்சநீதிமன்றம். நாய்ப் பிரியர்கள் கொந்தளித்தார்கள். 11 நாளில் உத்தரவு திருத்தப்பட்டது. கருத்தடையும் தடுப்பூசியும் போட்டு, வெறி பிடித்ததையும் கடிக்கிற குணமுள்ளதையும் தவிர மற்றவற்றைப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. நாய்களுக்காக நான் மகிழ்கிறேன். மலக்குழியில் செத்தவனுக்காக இந்தக் கூட்டம் என்றைக்காவது இப்படித் தெருவுக்கு வந்ததா?

தெருநாய்க்குச் சோறு போடுகிறவர் போட்டுவிட்டுக் காரில் போய்விடுகிறார். அந்தத் தெருவில் படுத்துத் தூங்குகிறவன் பிள்ளையும், விடியுமுன் குப்பை அள்ள வருகிற தூய்மைப் பணியாளரும்தான் கடிபடுகிறார்கள். உலகத்தில் வெறிநாய்க்கடியால் சாகிறவர்களில் 36 சதவீதம் பேர் இந்தியாவில்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கடித்த உடனே 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவி, தாமதிக்காமல் ஊசி போட்டால் பிழைக்கக்கூடிய சாவு இது. சோறு போடுகிறவர் நாய்க்குத் தடுப்பூசியும் கருத்தடையும் செய்யப் பொறுப்பேற்கட்டும். தெருவில் வேலை செய்கிறவருக்கு முன்கூட்டியே ஊசியும் கையுறையும் கொடுக்கச் சொல்லி மாநகராட்சியின் சட்டையைப் பிடிக்கட்டும். தூக்கி வளர்க்கிறவர் அதன் பீயையும் பிணத்தையும் தன் கையால் அள்ளட்டும். அள்ளிய கை தீட்டில்லை என்று அப்போது தெரியும். நாம் கடுவன் நாய் வளர்ப்போம். பட்டப்பகலில், வாசலில் கட்டி.

சித்தி அன்றைக்கு யாரையும் கூப்பிடவில்லை. தன் பழைய சேலையில் சுற்றி, தன் காசில் ஆட்டோ பிடித்து, தான் குடியிருக்கும் வாரிய வீட்டுக்குப் பின்னால் கால்வாய்க் கரையில் புதைத்துவிட்டு வந்தார். அந்த வீட்டுக்கு இப்போது இன்னொரு குட்டி வந்திருக்கிறது. "சோறு நான் ஊட்டுறேம்மா. பீ அள்றத நீங்க பாத்துக்கங்க" என்று சித்தி சொல்லியிருக்கிறார். அந்த அம்மா இன்னும் பதில் சொல்லவில்லை.