மஞ்சளுக்கு வாதாட ஆள் வேண்டும்

ஒரு பையன் சட்டம் படிக்கிறான் என்றால் ஊரில் முதலில் கேட்பது, "சிவிலா, கிரிமினலா?" சர்வதேச சுற்றுச்சூழல் சட்டம் என்று அவன் சொன்னால் பேச்சு அதோடு நின்றுவிடும். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள், "வெளிநாட்டு மாநாடெல்லாம் போகலாமே!" என்பார்கள். ஆனால் அந்த வேலையின் பெரும்பகுதி மாநாட்டு மண்டபத்தில் நடப்பதில்லை.

மஞ்சள் கதையையே பார்க்கலாம். காயத்தை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு 1995-ல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தார்கள். நம் வீட்டுப் பாட்டிகளுக்கெல்லாம் தெரிந்த விஷயம்தான். ஆனால் அன்றைய அமெரிக்கச் சட்டப்படி, வேறு நாட்டில் வழக்கத்தில் இருந்தால் மட்டும் போதாது, அச்சில் வந்திருக்க வேண்டும். பழைய நூல்களையும் 1953-ல் வந்த ஒரு மருத்துவ இதழ்க் கட்டுரையையும் இந்தியாவின் சி.எஸ்.ஐ.ஆர். எடுத்து வைத்தது. 1997-ல் காப்புரிமை ரத்தானது. வேப்பெண்ணெய்க்கு இன்னும் இழுத்தது. 1994-ல் ஐரோப்பாவில் கொடுத்த காப்புரிமை, மேல்முறையீடும் தள்ளுபடியாகி முழுசாக ஒழிய 2005 ஆனது.

அப்படியானால் எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட்டால் போதுமா? அங்கேதான் சிக்கல். 1992-ன் பல்லுயிர் உடன்படிக்கையும் 2010-ன் நகோயா நெறிமுறையும், மரபறிவு தருகிற மக்களிடம் சம்மதம் வாங்க வேண்டும், லாபத்தில் பங்கு தர வேண்டும் என்கின்றன. இந்தியாவும் 2002-ல் இதற்கெனச் சட்டம் போட்டது. ஆனால் 2023-ல் வந்த திருத்தம், அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நூல்களில் உள்ள அறிவைப் பயன்படுத்தும் உள்நாட்டு நிறுவனங்களுக்கு விலக்கு கொடுத்துவிட்டது. வெளிநாட்டில் நம்மைக் காப்பாற்றிய அதே நூல், உள்ளூரில் பங்கு கேட்க முடியாமல் செய்துவிடுகிறது!

நூலில் ஏறாத அறிவு மலைக்கிராமங்களில் இன்னும் இருக்கிறது. அதற்காகத்தான் ஊர்தோறும் பல்லுயிர் மேலாண்மைக் குழுவும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். எதை எழுதுவது, எதை எழுதாமல் விடுவது, யாருடைய சம்மதத்தோடு எழுதுவது என்று அந்த மக்களோடு உட்கார்ந்து பேச, சட்டம் தெரிந்த ஒருவர் வேண்டும். பெயருக்கு நிரப்பிய பதிவேடு நாளை எந்த வழக்கிலும் நிற்காது.

கேம்பஸ் இன்டர்வியூவில் கிடைக்கிற வேலை அல்ல இது. பதவிகள் குறைவு, காத்திருப்பு அதிகம். ஆனால் தேசிய பல்லுயிர் ஆணையத்தின் தலைமையகம் இருப்பதே சென்னையில்தான். தமிழ்நாட்டுச் சட்ட மாணவர்கள் ஜெனீவாவுக்கு விமானம் ஏறுவதற்கு முன் தரமணிக்கு ஒரு பஸ் ஏறிப் பார்க்கலாம். அப்படியே ஒரு மலைக்கிராமத்துக்கும்!