திரும்பி வந்த பிள்ளைக்கு நாம் என்ன செய்தோம்?



போன கிழமை டவுனில் என்னிடம் படித்த ஒருவனைக் கண்டேன். புனர்வாழ்வு முடிந்து வந்து மூன்று மாதம். "சேர், வேலைக்கு யாரும் எடுக்கிறாங்க இல்ல" என்றான். கடைக்குள் போனால் எல்லோரும் அவன் கையைத்தான் பார்க்கிறார்களாம்.

ஐஸ், தூள் பாவிப்பவனை உள்ளே போட்டால் சரி என்றுதான் நாமும் நினைக்கிறோம். 2023 டிசம்பரில் 'யுக்திய' தொடங்கியபோது கை தட்டாத குறை. ஆனால் கந்தகாடு போய் வந்தவன் இறங்குவது அதே பஸ் ஸ்டாண்டில், அதே கூட்டாளிகளிடம். சீனி வருத்தக்காரருக்கு ஆறு மாதம் மருந்து கொடுத்துவிட்டு 'இனி கிளினிக் வராதீங்க' என்று யாராவது சொல்வார்களா? இதுவும் வருடக்கணக்கில் பார்க்க வேண்டிய நோய்தான். இன்னொன்று பலருக்குத் தெரியாது. கொஞ்சக் காலம் விட்டிருந்தவனின் உடம்பு பழைய அளவைத் தாங்காது. மறுபடி ஒருமுறை தூள் எடுத்தாலே மௌத்தாகலாம். வெளியே வந்த முதல் வாரங்கள்தான் ஆக ஆபத்து.

தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927க்கு எடுத்தால் ஆலோசனை கிடைக்கும். ஆனால் அதன் சிகிச்சை நிலையங்கள் இருப்பது தலங்கம, பேராதனை, காலி, நிட்டம்புவ போன்ற தூர இடங்களில். தோட்டத்தில் நாட்சம்பளம் வாங்கும் வீட்டுக்கு பதுளை ஆஸ்பத்திரிக்குப் போய்வரவே ஒரு நாள் கூலி போய்விடும். மாதம் ஒரு தடவையாவது இங்கேயே ஒரு தொடர் கிளினிக் நடத்தும்படி ஊராகச் சேர்ந்து கேட்போம்.

அதுவரை பஸ் காசைப் பள்ளி நிர்வாகம் பொறுப்பெடுக்கட்டும். ஸகாத்தா, சந்தாவா என்பதை ஆலிம்கள் சொல்லட்டும்.

அந்தப் பையனுக்கு வேலை கொடுக்கக் கூடியவர்கள் இன்பொக்ஸ் வாருங்கள். பெயரை இங்கே போட மாட்டேன்.