முகப்பு மாறலாம், வளவு மாறாது!

கண்டனூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் போனால் வீட்டு முகப்புகளைக் கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள். செட்டிநாட்டில் 1930, 40-களில் கட்டிய சில வீடுகள் மற்றவற்றிலிருந்து தனியாகத் தெரியும். வளைந்த மூலைகள், நீளமான கான்கிரீட் சன்ஷேடு, படிப்படியாக உயரும் கைப்பிடிச்சுவர், கட்டம் கட்டமான கிரில். இந்தப் பாணிக்கு 'ஆர்ட் டெகோ' என்று பெயர். 1925-ல் பாரிஸில் நடந்த கண்காட்சியால் பிரபலமாகி, துறைமுக நகரங்கள் வழியாக உலகம் சுற்றியது. வணிகத்துக்காகக் கடல் கடந்த நகரத்தார் வீடுகளிலும் வந்து உட்கார்ந்தது. ஆனால் உள்ளே போனால் அதே வளவு, அதே பட்டாலை, அதே இரண்டாம் கட்டு!

அதே ஆண்டுகளில் இதையே செய்த இன்னொரு சமூகம் உண்டு: யூதர்கள்.

யூதர்களின் ஜெப ஆலயம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது 1568-ல் கட்டிய கொச்சி மட்டாஞ்சேரி ஆலயம்தான். அகமதாபாத்திலும் ஒன்று இருக்கிறது. 1934-ல் ஆர்ட் டெகோ சாயலில் கட்டப்பட்ட 'மாகென் ஆபிரகாம்' ஆலயம். குஜராத்தில் இருக்கும் ஒரே ஜெப ஆலயம் இதுதான்.

ஜெப ஆலயத்துக்கு இன்ன வடிவம்தான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தோரா சுருள்களை வைக்கும் பேழை, அதை வாசிக்க ஒரு மேடை, ஜெருசலேம் திசையை நோக்கிய வழிபாடு. இவை இருந்தால் போதும். வெளித்தோற்றம் காலத்துக்கு ஏற்ப மாறலாம். அதனால்தான் முதல் உலகப் போருக்குப் பிறகு ஐரோப்பிய யூதர்கள் பலர், அலங்காரம் இல்லாத நவீனக் கட்டடங்களைத் துணிந்து கட்டினார்கள்.

மூன்று நகரங்கள், மூன்று முடிவுகள்

ஜெர்மனியின் பிளாவன் நகரில் ஃபிரிட்ஸ் லாண்டவர் கட்டிய ஆலயம் 1930-ல் திறக்கப்பட்டது. 1938 நவம்பரில் நாஜிகள் அதை அழித்தார்கள். புத்தம் புதுக் கட்டடம், எட்டே வருடம்!

ஸ்லோவாக்கியாவின் ஜிலினாவில் புகழ்பெற்ற பீட்டர் பெஹ்ரன்ஸ் வடிவமைத்த ஆலயம் 1931-ல் முடிந்தது. கட்டடம் தப்பியது; மக்கள் தப்பவில்லை. 1942-ல் ஸ்லோவாக்கிய யூதர்களை ரயிலேற்றி மரண முகாம்களுக்கு அனுப்பினார்கள். அதற்கான இடைத்தங்கல் முகாமே ஜிலினாவில்தான் இருந்தது. போருக்குப் பிறகு அந்த ஆலயம் கல்லூரி அரங்கமாகவும் தியேட்டராகவும் ஆனது. பிறகு உள்ளூர்க் கலை ஆர்வலர்கள் அதைப் புதுப்பித்தார்கள். 2017 முதல் அது ஒரு கலை மையம்.

செக் நாட்டின் பர்னோவில் ஓட்டோ ஐஸ்லர் 1936-ல் கட்டி முடித்த ஆலயத்தில் மட்டும் இன்றும் வழிபாடு நடக்கிறது. ஐஸ்லரும் யூதர். ஆஷ்விட்ஸ் முகாமிலிருந்து உயிரோடு திரும்பியவர்.

பத்துப் பேர் கணக்கு

யூத மரபுப்படி, கூட்டு வழிபாட்டுக்குக் குறைந்தது பத்து ஆண்கள் வேண்டும். கட்டடம் எவ்வளவு உறுதியாக நின்றாலும், அந்தப் பத்துப் பேர் இல்லை என்றால் அது வெறும் மண்டபம்தான்.

இந்தக் கணக்கு செட்டிநாட்டுக்கும் புதிதல்ல. பெரிய வீட்டில் படைப்பு என்றால் பங்காளிகள் கூட வேண்டும். சென்னை, சிங்கப்பூர், அமெரிக்கா என்று எங்கே இருந்தாலும், அந்த ஒரு நாளுக்காகவே பல வீடுகளில் ஒட்டடை அடிக்கப்படுகிறது. வருவது நின்ற வீடுகளில் முதலில் ஓடு சரிகிறது, பிறகு உத்திரம் ஊறுகிறது. பங்கு பல பேருக்கு என்பதால் செலவுக்கு யாரும் முன்வருவதில்லை. கடைசியில் தூணும் நிலைக்கதவும் காரைக்குடி பழம்பொருள் கடைகளுக்குப் போய்விடுகின்றன.

அங்கே மக்களை விரட்டிக் கொன்றார்கள். இங்கே யாரும் விரட்டவில்லை. பிழைப்புக்காக நாமே கிளம்பினோம். அதனால் திரும்பி வரும் வழி நமக்கு இன்னும் திறந்தே இருக்கிறது.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது உங்கள் வீட்டு முகப்பில் ஆண்டு எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு போட்டோ எடுத்துப் பங்காளிகளின் வாட்ஸ்அப் குரூப்பில் போடுங்கள். உடைந்த ஓட்டை மாற்ற ஆளுக்கு எவ்வளவு என்ற பேச்சை அங்கேயே ஆரம்பித்துவிடலாம்.