பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க வேண்டிய வலியா இது?

பெங்களூருவில் பழைய விமான நிலையச் சாலையும் உள்வட்டச் சாலையும் கூடும் இடம் தொம்மலூர். அங்குள்ள சொக்கநாதர் கோயிலில் 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. சற்றுத் தொலைவில் கோல்ஃப் லிங்க்ஸ் மென்பொருள் வளாகத்தின் கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்து நிற்கின்றன. அவ்வளாகத்தைப் பெருக்கித் துடைப்போர், இரவெல்லாம் காவல் நிற்போர், அடுக்குமாடிகளில் பாத்திரம் துலக்குவோர், இருசக்கர வாகனத்தில் உணவு சுமந்து செல்வோர் ஆகியோரில் கணிசமானோர் தமிழர்கள். இவர்களில் ஒருவருக்கு நள்ளிரவில் பல்வலி வந்தால் என்ன நேரும்?

முதலில் கிராம்பு வைப்பார். அடுத்த நாள் மருந்துக் கடையில் இரண்டு மாத்திரை வாங்குவார். வலி அடங்கும், வேலைக்குப் போவார். இரவு படுத்தால் தலைப்பக்கம் இரத்த ஓட்டம் கூடுவதால் வலி மீண்டும் தெறிக்கும். சில நாட்களில் வலி தானாகவே நின்றுவிடுவதும் உண்டு. அது குணமல்ல. பல்லுக்குள் இருக்கும் நரம்பு செத்துவிட்டது என்பதே பெரும்பாலும் அதன் பொருள். கிருமி வேர்வழியே தாடை எலும்புக்குள் இறங்கிச் சீழ் கட்டும். முற்றிய சீழ் கழுத்துக்குப் பரவி மூச்சை அடைத்து உயிரையே பறிக்கக்கூடும். வெறும் வயிற்றில் நாள்கணக்கில் விழுங்கும் வலி மாத்திரை இரைப்பையையும் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும்.

மருத்துவம் காட்டும் வழிகள்

மருத்துவம் இதற்கு மூன்று வழிகளைக் காட்டுகிறது. சொத்தை மேலோடு இருந்தால் சுரண்டி எடுத்துவிட்டு அடைத்துவிடலாம். நரம்பைத் தொட்டுவிட்டால் வேர் சிகிச்சை செய்து, உள்ளே துப்புரவாக்கி நிரப்பி, மேலே உறை போட்டுப் பல்லைக் காக்கலாம். இரண்டும் இயலாதபோது பல்லைப் பிடுங்குவதே கடைசி வழி. பிடுங்கிய இடத்தை வெறுமனே விட்டால் பக்கத்துப் பற்கள் சாயும், எதிர்ப்பல் இறங்கும், மெல்லும் திறன் குறையும். ஆகவே, காப்பாற்றக் கூடிய பல்லைக் காப்பாற்றுவதே நல்ல மருத்துவம்.

ஆனால் தொம்மலூர்த் தொழிலாளி எடைபோடுவது பல்லின் நிலையை அல்ல, கையிலிருக்கும் பணத்தை. தனியார் மருத்துவரிடம் வேர் சிகிச்சையும் உறையும் சேர்ந்தால் பல ஆயிரம் ரூபாய். பிடுங்குவதற்கோ அதில் ஒரு சிறு பங்கே ஆகும். விக்டோரியா மருத்துவமனையை ஒட்டிய அரசுப் பல் மருத்துவக் கல்லூரியில் செலவு குறைவுதான். எனினும் நகரைக் கடந்து போக வேண்டும், பகல் நேரத்தில் வரிசையில் நிற்க வேண்டும், வேர் சிகிச்சைக்காகப் பலமுறை செல்ல வேண்டும். நாள்கூலிக்காரருக்கு ஒவ்வொரு முறையும் ஒரு நாள் ஊதியம் போகிறது. எனவே, “பிடுங்கிவிடுங்கள் ஐயா” என்கிறார் அவர். அதை அவருடைய சொந்த விருப்பம் என்று மருத்துவச் சீட்டு பதிவு செய்துகொள்கிறது. உண்மையில் அது வர்க்கச் சமுதாயம் அவர் மீது விதித்த தீர்ப்பு.

பக்கத்து இந்திராநகரில் இ.எஸ்.ஐ. மருத்துவமனை இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் அதன் கதவு இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவருக்கே திறக்கும். வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கும் உணவு கொண்டுசெல்லும் இளைஞருக்கும் அந்த அட்டை இல்லை. ஊதிய உச்சவரம்பு 2017 ஜனவரியில் 21,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதன்பின் விலைவாசி எங்கோ ஏறிவிட்டது. போராடிப் பெற்ற ஊதிய உயர்வே தொழிலாளியை இ.எஸ்.ஐ. வரம்புக்கு வெளியே தள்ளும் விந்தை நடக்கிறது. 2018இல் பெரும் ஆரவாரத்தோடு வந்த ஆயுஷ்மான் பாரத் காப்பீடு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் என்கிறது. ஆனால் அது மருத்துவமனையில் படுக்கையில் சேர்ந்தவருக்கானது. சொத்தைப் பல்லுக்காக எவரும் படுக்கையில் சேர்வதில்லை.

மருத்துவர் உண்டு, மருத்துவம் இல்லை

பல் மருத்துவர் பஞ்சம் என்றும் சொல்வதற்கில்லை. நாட்டில் 300க்கும் மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை தனியாருடையவை. கர்நாடகம் அத்தகைய கல்லூரிகள் மலிந்த மாநிலம். கடன் வாங்கிக் கட்டணம் கட்டிப் படித்து வெளியே வரும் இளம் மருத்துவர்கள், அரசுப் பணியிடம் இன்றிச் சொற்பச் சம்பளத்துக்குத் தனியார் மருத்துவமனைகளில் உழைக்கிறார்கள். ஒருபுறம் வேலை தேடும் பல் மருத்துவர், மறுபுறம் மருத்துவர் கிடைக்காமல் கன்னம் வீங்கிய தொழிலாளி. இருவரும் சந்திக்கவொட்டாமல் நடுவே நிற்பது சந்தை.

கர்நாடக அரசின் ‘தந்த பாக்ய’ திட்டம் வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள முதியோருக்கு இலவசமாகப் பல் செட் தருகிறது. அது வரவேற்கத்தக்கதே. பல் போனால் சொல் போச்சு என்பார்கள். மெல்ல முடியாத முதியவருக்குச் சோறும் போய்விடுகிறது. ஆயினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. எல்லாப் பல்லும் விழும்வரை காத்திருந்து செயற்கைப் பல் கொடுக்கும் அரசு, நாற்பது வயதில் அந்தப் பல்லைக் காக்க ஏன் வரவில்லை?

தொழிலாளர்கள் பல் துலக்காமல், புகையிலை மென்று தாமே கெடுத்துக்கொள்கிறார்கள் என்போர் உண்டு. புகையிலை தீங்கானது என்பதில் ஐயமில்லை. அதை விடச் சொல்வதும் தொழிற்சங்கத்தின் கடமையே. ஆனால் பன்னிரண்டு மணி நேரக் காவல் பணியில் பசியையும் தூக்கத்தையும் விரட்டச் சர்க்கரைத் தேநீரும் பிஸ்கட்டும் புகையிலையுமே கைக்கெட்டும் துணை. வேலை நேரத்தை மாற்றாமல் பழக்கத்தை மட்டும் பழிப்பது பாதி உண்மை.

உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட அறிக்கையின்படி உலகில் ஏறத்தாழ 350 கோடிப் பேர் வாய்நோய்களால் அவதியுறுகிறார்கள். பல்லை அடைக்கும் கண்ணாடி அயனோமர் சிமெண்டையும் ஃபுளோரைடு பற்பசையையும் அந்நிறுவனம் 2021இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. எளிய, மலிவான மருந்துகளே இவை. தேவைப்படுவது அரசியல் உறுதி.

அந்த உறுதிக்கு வரலாற்றில் சான்றுண்டு. பிரிட்டனில் 1948 ஜூலை 5 அன்று தொடங்கிய தேசிய சுகாதாரச் சேவை, பல் மருத்துவத்தையும் இலவசமாக்கியது. மூன்றே ஆண்டுகளில், கொரியப் போரையொட்டிய ஆயுதச் செலவு பெருகியபோது, பல் செட்டுக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் கட்டணம் விதிக்க லேபர் அரசு முடிவெடுத்தது. அச்சேவையை உருவாக்கிய அனியூரின் பெவன் 1951 ஏப்ரலில் அமைச்சர் பதவியைத் துறந்தார். பிரேசிலில் லூலா அரசு 2004இல் ‘புன்னகைக்கும் பிரேசில்’ திட்டத்தைத் தொடங்கி, குடும்பநல மருத்துவக் குழுக்களோடு பல் மருத்துவரையும் இணைக்கும் பணியை விரிவாக்கியது. 2023இல் அது சட்டமாகவே ஆக்கப்பட்டது.

இங்கு எழுப்ப வேண்டிய கோரிக்கைகள் தெளிவானவை. நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் பல் மருத்துவர் நியமிக்கப்பட வேண்டும். அங்கே பல் அடைப்பும் வேர் சிகிச்சையும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். உழைப்போர் வரத்தக்க மாலை நேரத்தில் அவை திறந்திருக்க வேண்டும். இ.எஸ்.ஐ. உச்சவரம்பு விலைவாசியோடு உயர வேண்டும். வீட்டு வேலைத் தொழிலாளரும் செயலிவழித் தொழிலாளரும் அதில் சேர்க்கப்பட வேண்டும். சிகிச்சை நாளுக்கு ஊதியத்துடன் விடுப்பு வேண்டும்.

எப்போதாவது நடக்கும் இலவச முகாம் இதற்கு ஈடாகாது. முகாம் பல்லைப் பார்த்துச் சொல்லும், பலமுறை வந்து சிகிச்சை தராது. தொம்மலூரிலும் அதுபோன்ற பகுதிகளிலும் பணியாற்றும் தோழர்கள், ஊதியத்தையும் ரேஷன் அட்டையையும் கேட்டறிவதுபோல் பல்வலியையும் கேட்டறிய வேண்டும். இ.எஸ்.ஐ. அட்டை இருந்தும் பயன்படுத்தத் தெரியாதவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். வலியைத் தன் தலைவிதி என்று எண்ணிப் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பவர், அது மறுக்கப்பட்ட உரிமை என்று உணரும் இடத்தில்தான் போராட்டம் தொடங்குகிறது.