புது ஐடியாவிடம் முதல் நாளே ‘லாபம் எவ்வளவு?’ என்று கேட்கலாமா?

பெரிய கம்பெனிகளில் புது யோசனைகளை யாரும் திட்டி விரட்டுவதில்லை. ‘நல்லா இருக்கே… மூணு வருஷத்துல எவ்வளவு வருமானம் வரும்னு ஒரு ஷீட் போட்டுக் கொடுங்க’ என்று அன்பாகத்தான் சொல்கிறார்கள். பல யோசனைகள் அந்த இடத்திலேயே முடிந்துவிடுகின்றன. யார் வாங்குவார்கள், என்ன விலை, செய்ய முடியுமா என்று எதுவுமே தெரியாத நேரத்தில் ஷீட்டில் போடும் எண்கள் எல்லாம் கற்பனைதானே?

ஓடிக்கொண்டிருக்கும் தொழிலுக்கு இந்தக் கேள்வி சரி. பல வருடக் கணக்கு கையில் இருக்கிறது. இப்போதுதான் முளைக்கும் ஒன்றுக்கும் அதே அளவுகோலை வைத்தால் என்ன ஆகும்? கோடக்கின் கதை இதற்கு நல்ல பாடம்.

கோடக்கில் நடந்தது என்ன?

1975-ல் ஸ்டீவ் சாஸன் என்ற கோடக் பொறியாளர், பிலிமே இல்லாத ஒரு கேமராவை உருவாக்கினார். எடை சுமார் 3.6 கிலோ. தெளிவு வெறும் 0.01 மெகாபிக்சல். ஒரு கருப்பு வெள்ளைப் படத்தைக் கேசட்டில் பதிவு செய்ய 23 விநாடிகள் ஆகும். அதை டிவி திரையில்தான் பார்க்க முடியும். அன்றைய பிலிம் படங்களின் பக்கத்தில் வைத்தால் விளையாட்டுச் சாமான் மாதிரிதான் இருந்தது.

1978-ல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. 1981-ல் கோடக்கின் சந்தை ஆய்வுப் பிரிவு, பிலிமின் இடத்தை டிஜிட்டல் பிடிக்கக்கூடும், அதற்குச் சுமார் 10 ஆண்டுகள் அவகாசம் இருக்கிறது என்று நிர்வாகத்திடம் சொன்னது.

‘கோடக் தூங்கிவிட்டது’ என்று பலரும் சொல்வது முழு உண்மை இல்லை. பின்னாளில் அது டிஜிட்டலில் பெரும் பணம் போட்டது. 2005-ல் அமெரிக்காவில் டிஜிட்டல் கேமரா விற்பனையில் முதலிடத்திலும் இருந்தது. சிக்கல் வேறு இடத்தில். பிலிமிலும் போட்டோ காகிதத்திலும் வந்த லாபத்தோடு ஒப்பிடும்போதெல்லாம் டிஜிட்டல் சின்னதாகவே தெரிந்தது. அதனால் ஒவ்வொரு முறையும் பிலிமுக்கே முன்னுரிமை. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு முடிவும் நியாயமானது. ஆனால், 2012 ஜனவரியில் கோடக் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. ஒரு காலத்தில் லட்சம் பேருக்கும் மேல் வேலை பார்த்த நிறுவனம் அது.

3எம் என்ன செய்தது?

இன்னொரு அமெரிக்க நிறுவனமான 3எம்-ல், வலுவான பசையைத் தேடிக்கொண்டிருந்த ஸ்பென்சர் சில்வருக்கு 1968-ல் கிடைத்ததோ லேசாக மட்டும் ஒட்டும் பசை. எதற்கும் உதவாது என்று தோன்றிய அதைப் பற்றி அவர் பல ஆண்டுகள் கம்பெனிக்குள் பேசிக்கொண்டே இருந்தார். 1974-ல் சக ஊழியர் ஆர்ட் ஃப்ரைக்கு ஒரு பொறி தட்டியது. சர்ச் பாடகர் குழுவில் பாடும்போது, பாட்டுப் புத்தகத்தில் அடையாளத்துக்கு வைத்த காகிதத் துண்டு கீழே விழுந்துகொண்டே இருக்குமாம். அதற்கு இந்தப் பசை பொருந்துமே!

வேலை நேரத்தில் 15 சதவீதத்தைச் சொந்த யோசனைக்குச் செலவிட 3எம் அனுமதித்தது. அப்படித்தான் இது வளர்ந்தது. 1977-ல் நான்கு நகரங்களில் விற்றுப் பார்த்தார்கள், பெரிதாகப் போகவில்லை. அங்கேயே மூட்டை கட்டியிருக்கலாம். அடுத்த ஆண்டு ஐடஹோ மாநிலத்தின் பாய்ஸி நகரில் இலவசமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். பயன்படுத்தியவர்களில் சுமார் 90 சதவீதம் பேர் ‘வாங்குவோம்’ என்றார்கள். கையில் வைத்துப் பார்த்தால்தான் அதன் பயன் புரிந்தது. 1980-ல் ‘போஸ்ட்-இட்’ அமெரிக்கா முழுவதும் கடைகளுக்கு வந்தது.

அப்படியென்றால் எதைக் கேட்பது?

ஒரு பால் கம்பெனி, வீட்டுக்கே பால் கொண்டுபோகும் ஆப் ஒன்றை யோசிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் நாளே கோடிக்கணக்கில் பட்ஜெட் தேவையில்லை. ஒரே தெரு, ஐம்பது வீடு, வாட்ஸ்அப்பில் ஆர்டர். இந்தக் கட்டத்துக்கு ஒரே கேள்வி: நான்காவது வாரமும் எத்தனை வீட்டில் ஆர்டர் வருகிறது? பெரும்பாலானோர் தொடர்ந்தால் அடுத்த கேள்வி: ஐந்து தெருவுக்கு நேரத்தில் கொடுக்க முடிகிறதா? லாபக் கணக்கு அதற்குப் பிறகு. அப்போது ஷீட்டில் ஏறுபவை உண்மையான எண்கள்.

இப்படியே விட்டால் பணம் கரைந்துவிடாதா? நியாயமான பயம். போஸ்ட்-இட் போல ஜெயிப்பவை கொஞ்சம்தான். பெரும்பாலான சோதனைகளை நிறுத்தத்தான் வேண்டியிருக்கும். அதனால் ‘இந்த அளவு வரலைன்னா நிறுத்திடுவோம்’ என்பதைத் தொடங்கும் முன்பே எழுதி வைக்க வேண்டும். சோதனைக்கான பணமும் சின்னதாக, தனியாக இருக்க வேண்டும். காலாண்டு டார்கெட்டோடு கலந்துவிட்டால் முதல் வெட்டு அதில்தான் விழும்.

இன்னொன்று, ஆட்கள். சோதனை நின்றதற்காக ஒருவரின் அப்ரைசலில் மார்க் குறைந்தால், அந்த டீமில் யாரும் இரண்டாவது யோசனையோடு வர மாட்டார்கள். ‘15 சதவீத நேரம்’ என்று அறிவித்துவிட்டு, முழு வாரத்துக்கும் வேலையைக் கொடுத்தாலும் இதே கதைதான். அந்த 15 சதவீதம் சனிக்கிழமையாக மாறிவிடும்.

ஆக, அடுத்த மீட்டிங்கில் புது யோசனை வந்தால் முதல் கேள்வி இப்படி இருக்கட்டும்: ‘இது சரியா வருமான்னு தெரிஞ்சுக்க எத்தனை நாள் ஆகும், எவ்வளவு செலவாகும்?’