'சூடோ' தெரியுமா? லினக்ஸ் கம்ப்யூட்டரின் சாவிக்கொத்து யார் கையில் இருக்கணும்?

1998-ம் ஆண்டு. அமெரிக்காவின் பிக்ஸார் ஸ்டூடியோவில் 'டாய் ஸ்டோரி 2' படத்தின் வேலைகள் மும்முரமாக நடந்துகொண்டிருந்தன. திடீரென்று, படத்தின் கதாபாத்திரங்களின் ஃபைல்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போக ஆரம்பித்தன. யாரோ ஒருவர், ஃபைல்களை அழிக்கும் கட்டளையைத் தவறான இடத்தில் கொடுத்துவிட்டார். அவசர அவசரமாக மெஷினின் இணைப்பைப் பிடுங்குவதற்குள் படத்தின் பெரும்பகுதி அழிந்துபோயிருந்தது. பேக்கப்பைப் பார்த்தால், அதுவும் சரியாக வேலை செய்யவில்லை. கைக்குழந்தை இருந்ததால் வீட்டிலிருந்தே வேலை பார்த்துவந்த கேலின் சூஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநரின் வீட்டு கம்ப்யூட்டரில் ஒரு பிரதி இருந்தது. அந்த கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி, காரில் பத்திரமாகக் கொண்டுவந்துதான் படத்தை மீட்டார்கள்.

பெரிய ஸ்டூடியோவுக்கே இந்த கதி என்றால், நம் வீட்டு கம்ப்யூட்டர் எம்மாத்திரம்?

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்ததால், பழைய லேப்டாப்பைத் தூக்கிப்போட மனசில்லாத பலரும் உபுண்டு, மின்ட் போன்ற லினக்ஸ் பக்கம் வருகிறார்கள். தமிழக அரசின் விலையில்லா லேப்டாப்களில் விண்டோஸோடு சேர்ந்து வந்த 'பாஸ்' லினக்ஸையும் பலர் பார்த்திருப்பார்கள். இவர்கள் எல்லோருக்கும் ஒருநாள் அந்தக் கறுப்புத் திரையும், 'சூடோ' என்ற வார்த்தையும் எதிரே வந்து நிற்கும்.

சூடோ என்றால் என்ன?

கூட்டுக் குடும்பத்தில் பாட்டியின் இடுப்பில் ஒரு சாவிக்கொத்து தொங்கும். பீரோ, அரிசி டிரம், நகைப் பெட்டி என எல்லாவற்றுக்கும் அதில் சாவி உண்டு. லினக்ஸில் அந்தப் பாட்டிக்குப் பெயர் 'ரூட்'. எந்த ஃபைலையும் திறக்கலாம், மாற்றலாம், அழிக்கலாம். ரூட்டைத் தடுக்க அநேகமாக யாரும் இல்லை.

மற்றவர்களுக்குத் தங்கள் சொந்த ஃபோல்டரில் மட்டும்தான் முழு உரிமை. புது சாஃப்ட்வேர் போடவோ, சிஸ்டம் ஃபைலில் கைவைக்கவோ வேண்டுமென்றால் பாட்டியிடம் சாவி கேட்க வேண்டும். அப்படிக் கேட்டு, ஒரு வேலையை முடித்துவிட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுப்பதுதான் சூடோ. ஆங்கிலத்தில் எஸ்-யு-டி-ஓ. நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பஃபலோ வளாகத்தில் 1980-ஐ ஒட்டி பாப் காக்ஷால், கிளிஃப் ஸ்பென்சர் என்ற இருவர் எழுதியது. லினக்ஸே 1991-ல்தான் வந்தது என்பதால், சூடோ அதற்கு அண்ணன்!

உபுண்டுவில் ரூட் கணக்கு ஆரம்பத்திலிருந்தே பூட்டித்தான் இருக்கும். இன்ஸ்டால் செய்யும்போது உருவாக்கும் முதல் கணக்குக்கு சூடோ உரிமை கிடைக்கும்.

கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனும் லினக்ஸ் கெர்னலில்தான் இயங்குகிறது. 'போனை ரூட் பண்றது' என்று சொல்கிறார்களே, அது இதே சாவியைக் கைப்பற்றுவதுதான். அப்படிச் செய்த போன்களில் பல வங்கி ஆப்கள் வேலை செய்ய மறுப்பதற்குக் காரணமும் இதுதான்.

கறுப்புத் திரையில் முதல் அடி

உபுண்டுவில் கன்ட்ரோல், ஆல்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டெர்மினல் திறக்கும். வரியின் கடைசியில் டாலர் குறி இருந்தால் சாதாரணப் பயனர். ஹேஷ் குறி இருந்தால் ரூட்டாக இருக்கிறீர்கள் என்று அர்த்தம். அங்கே ஒவ்வோர் எழுத்தையும் பார்த்துத்தான் தட்ட வேண்டும்.

புதிதாக வருபவர்கள் முதலில் பழக வேண்டியது 'சூடோ ஏபிடி அப்டேட்', 'சூடோ ஏபிடி அப்கிரேடு' என்ற இரண்டு கட்டளைகள். இவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் டைப் செய்ய வேண்டும். முதலாவது, என்னென்ன புதிய பதிப்புகள் வந்திருக்கின்றன என்ற பட்டியலை மட்டும் எடுத்துவரும். இரண்டாவதுதான் அவற்றை உண்மையில் இன்ஸ்டால் செய்யும். முதலாவதை மட்டும் கொடுத்துவிட்டு 'அப்டேட் ஆயிடுச்சு' என்று நிம்மதியாக இருப்பவர்கள் நிறைய.

சூடோ கொடுத்ததும் பாஸ்வேர்டு கேட்கும். டைப் செய்யும்போது திரையில் ஒரு புள்ளிகூடத் தெரியாமல் போகலாம். கீபோர்டு கெட்டுப்போய்விட்டதோ என்று பயப்பட வேண்டாம். பக்கத்தில் இருப்பவருக்கு எத்தனை எழுத்து என்றுகூடத் தெரியக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. டைப் செய்து என்டர் தட்டினால் போதும்.

ஒருமுறை பாஸ்வேர்டு கொடுத்தால், உபுண்டுவில் அடுத்த 15 நிமிடங்களுக்கு அதே டெர்மினலில் மறுபடி கேட்காது. டீ குடிக்க எழுந்து போகும்போது டெர்மினலை மூடிவிட்டுப் போவது நல்லது.

ஒரே ஒரு இடைவெளி!

டெர்மினலில் ஃபைலை அழிக்கும் கட்டளை 'ஆர்எம்'. இதில் அழித்தால் குப்பைத்தொட்டிக்குப் போகாது. நேராகப் போய்விடும். கூடவே சூடோவும் சேர்ந்தால், சிஸ்டத்தின் அஸ்திவாரத்தையே அழித்துவிட முடியும்.

2011-ல் நடந்தது இது. லேப்டாப் கிராஃபிக்ஸ் கார்டுகளுக்கான 'பம்பிள்பீ' என்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருளின் இன்ஸ்டால் ஸ்கிரிப்டில், ஓர் ஃபோல்டரின் முகவரிக்கு நடுவே தவறுதலாக ஒரு இடைவெளி விழுந்துவிட்டது. உள்ளே இருக்கும் சின்ன ஃபோல்டரை மட்டும் அழிக்க வேண்டிய கட்டளை, பெரும்பாலான மென்பொருள்கள் குடியிருக்கும் 'யுஎஸ்ஆர்' ஃபோல்டரையே அழித்தது. எழுதியவர்களுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால், அட்மின் அனுமதியோடு ஓடியதால் தடுக்க ஆளில்லை.

அதனால்தான், யூடியூபில் பார்த்த கட்டளையை அர்த்தம் தெரியாமல் காப்பி செய்து ஒட்டக் கூடாது என்கிறார்கள். ஏதாவது புரியவில்லையா? 'மேன்' என்று டைப் செய்து, இடைவெளி விட்டு, அந்தக் கட்டளையின் பெயரைக் கொடுத்தால் அதன் விளக்கம் வரும். அழிக்கும்போது 'ஆர்எம்' உடன் 'மைனஸ் ஐ' சேர்த்தால், ஒவ்வொரு ஃபைலுக்கும் 'அழிக்கட்டுமா?' என்று கேட்கும். ஏதோ தவறாக ஓடுகிறது என்று தோன்றினால் கன்ட்ரோல், சி அழுத்தினால் பெரும்பாலும் நின்றுவிடும்.

வீட்டில் எல்லோருக்கும் சாவி வேண்டாம்

ஒரே லேப்டாப்பை அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லோரும் பயன்படுத்தும் வீடுகளில் ஆளுக்கொரு கணக்கு வைப்பது நல்லது. அட்மின் உரிமை ஒருவருக்குப் போதும். உரிமை இல்லாத பிள்ளை சூடோ கொடுத்துப் பார்த்தால், 'இவர் சூடோயர்ஸ் பட்டியலில் இல்லை' என்று ஆங்கிலத்தில் மறுத்துவிடும். பல பதிப்புகளில் 'இந்தச் சம்பவம் புகாரளிக்கப்படும்' என்ற மிரட்டலும் சேர்ந்து வரும். போலீஸ் எல்லாம் வராது! அந்த கம்ப்யூட்டரின் பதிவேட்டில் ஒரு வரி ஏறும், அவ்வளவுதான்.

அட்மின் பாஸ்வேர்டே மறந்துபோனால்? கம்ப்யூட்டர் துவங்கும்போது வரும் மெனுவில் 'ரெகவரி மோடு'க்குப் போய், ரூட் டெர்மினலில் புது பாஸ்வேர்டு வைக்கலாம். மறந்தவருக்கு இது வரம். ஆனால், லேப்டாப்பைத் திருடியவருக்கும் இதே வழி திறந்துதான் இருக்கிறது. வெளியூருக்கு எடுத்துச் செல்லும் லேப்டாப் என்றால், இன்ஸ்டால் செய்யும்போதே டிஸ்க் என்கிரிப்ஷனைத் தேர்வு செய்துவிட வேண்டும். அந்த பாஸ்வேர்டை மறந்தால் மீட்க வழியில்லை என்பதால், அதை எழுதி பீரோவில் வைப்பது புத்திசாலித்தனம்.

டெர்மினலைப் பார்த்து ஒதுங்கத் தேவையில்லை. பத்து கட்டளை பழகிவிட்டால், மவுஸில் தேடித் தேடிச் செய்யும் வேலையை ஒரே வரியில் முடிக்கலாம். ஆரம்பிப்பதற்கு முன், கல்யாண போட்டோக்களையும் பிள்ளைகளின் சான்றிதழ்களையும் ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கில் எடுத்துவையுங்கள். எடுத்துவைத்ததோடு விடாமல், நான்கைந்து ஃபைல்களைத் திறந்தும் பார்த்துவிடுங்கள். திறக்காத பேக்கப், இல்லாத பேக்கப்!