பெயர் மட்டும் மருந்தாகுமா?

மருந்தின் பெயரைச் சர்க்கரைப் பானத்துக்குச் சூட்டி விற்றார்கள். தாய்மார்கள் நம்பி வாங்கினார்கள். வயிற்றுப்போக்கில் துவண்ட பிள்ளைகளுக்குப் புகட்டினார்கள். 2025 அக்டோபரில்தான் அந்த வாணிபத்துக்குக் கடிவாளம் விழுந்தது. உண்மையான கரைசலைத் தவிர வேறெந்தப் பானத்தின் பெயரிலும் ‘ஓ.ஆர்.எஸ்.’ என்ற எழுத்துகள் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் உத்தரவிட்டது. ஐதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் போராடிக் கண்ட வெற்றி இது. ஆனால், ‘இது ஓ.ஆர்.எஸ். கரைசல் அல்ல’ என்று பெட்டியில் அச்சிட்டால் போதும் என முன்பு சலுகை தந்ததும் இதே ஆணையந்தானே!

பெயரில் என்ன இருக்கிறது? உயிர் இருக்கிறது, தோழர்களே!

நம் சிறுகுடலின் சுவரிலே ஒரு வாயில் உண்டு. உப்பிலுள்ள சோடியமும் குளுக்கோசும் கைகோத்து வந்தால் அது வழிவிடும்; அவற்றின் பின்னே தண்ணீரும் உடலுக்குள் செல்லும். காலரா கண்டு உடல் வற்றும் வேளையிலும் இந்த வாயில் அடைபடுவதில்லை. ராபர்ட் கிரேன் என்ற விஞ்ஞானி 1960-இல் இதை எடுத்துரைத்தார். 1971-இல் மேற்கு வங்கத்துப் பொங்காவ் அகதி முகாமில், நரம்பில் ஏற்றும் நீர் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மகாலனாபிஸ் உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு 30 என்றிருந்த சாவு, 4-க்கும் கீழே இறங்கியது!

சூட்சுமம் அளவில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 1 லிட்டருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6 கிராம். கடைப் பானத்திலோ சர்க்கரை பல மடங்கு. மிஞ்சிய சர்க்கரை குடலிலே தங்கி, உடலின் நீரையே உறிஞ்சி இழுக்கிறது. போக்கை நிறுத்த வாங்கியது போக்கைப் பெருக்குகிறது!

கல்லங்குறிச்சியின் சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலே வெயிலில் வேகும் தொழிலாளியின் கூலி, அந்த வண்ணப் பெட்டிக்கா போகவேண்டும்? ஆரம்ப சுகாதார நிலையத்தில் அசல் பொட்டலம் இலவசம். பிள்ளைகளுக்கு 14 நாள் துத்தநாக மாத்திரையும் உண்டு. பொட்டலம் இல்லாத இரவில், காய்ச்சி ஆறிய 1 லிட்டர் நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு கலந்து சிறுகச் சிறுகக் கொடுங்கள். உப்பு கூடினால் ஆபத்து. கண் குழிந்தாலோ, சிறுநீர் நின்றாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

உத்தரவு காகிதத்தில் இருக்கிறது. கடை அலமாரியில் நடக்கிறதா என்று பார்ப்பதும், சுகாதார நிலையத்தில் பொட்டலம் இருக்கிறதா என்று கேட்பதும் நம் வேலை.